மின்காந்த அலைகள்: அஞ்சத் தக்கனவும் அஞ்சத் தகாதனவும்

வானொலிப் பேச்சு உங்கள் செவிக்கு எவ்வாறு எட்டுகின்றது என்னும் வினாவிலிருந்தே இன்றைய பொருளைத் தொடங்கலாம். கொழும்பு நிலையத்தில் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுகின்றார். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்து அதனைக் கேட்கின்றார். பேசுபவரின் குரலே காற்றில் மிதந்து அங்கே செல்கின்றது என்று எண்ணுவோர் இன்றும் உளர். அஃது உண்மையன்று. ஒலி காற்றிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்லும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் உண்டு. குரல் தன் வேகத்திலேயே சென்றால் அத்தூரத்தைக் கடக்கக் கால் மணி நேரம் வேண்டும். வானொலி அலைக்கோ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். பேசுபவரின் குரல் எதிரே மூன்று மீற்றர் தூரத்தில் இருப்பவரின் செவியைச் சேர்வதற்கு முன்னரே, அவ்வலை யாழ்ப்பாணத்தையும் கடந்து வெகுதூரம் சென்றுவிடும்.

குரல் இங்கே மின்னோட்டமாக மாற்றப்பட்டு, ஓர் அலையின்மீது ஏற்றி அனுப்பப்படுகின்றது. கேட்பவர் வீட்டுப் பெட்டி அவ்வலையிலிருந்து அதனை இறக்கி மீண்டும் ஒலியாக்குகின்றது. குரலுக்கு வாகனமாய் அமையும் இவ்வலையே மின்காந்த அலை எனப்படுவது. விளக்கின் ஒளி, அடுப்பின் அனல், கைத்தொலைபேசியின் சமிக்ஞை, வைத்தியசாலையில் எலும்பைப் படமெடுக்கும் எக்ஸ் கதிர், புற்றுநோயைச் சுட்டழிக்கும் காமாக் கதிர் ஆகிய யாவும் இவ்வொரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை அனைத்தும் வெற்றிடத்திலே ஒரே வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றன.

குடும்பம் ஒன்றாயினும் பிள்ளைகளின் குணம் ஒன்றன்று. இதை மறப்பதனாலேயே நம்மிடையே பெருங்குழப்பம் விளைகின்றது. ‘கதிர்வீச்சு’ என்னும் ஒரே சொல்லை அணுகுண்டுக்கும் வழங்குகின்றோம். தொலைபேசிக் கோபுரத்துக்கும் வழங்குகின்றோம். சொல் ஒன்றாயிருப்பதால் அச்சமும் ஒன்றாகிவிடுகின்றது. 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, கடைவாயில்களில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்து உடற்சூட்டை அளந்தார்கள். அக்கருவி மூளைக்குள் கதிரைப் பாய்ச்சுகின்றது என்று அஞ்சிப் பலர் கையை நீட்டினர். உண்மையில் அக்கருவி நம் வெப்பத்தை அளப்பதற்காக நம்முள் எதனையும் செலுத்துவதில்லை. நம் நெற்றி இயல்பாக வெளிவிடும் வெப்பக் கதிரை அது வாங்கிக்கொள்கின்றது, அவ்வளவே. அவ்வாறு அஞ்சியவர்களே நண்பகல் வெயிலில் தலையை மூடாமல் வரிசையில் நின்றார்கள். அஞ்சத் தகாததற்கு அஞ்சி, அஞ்சத் தக்கதை மறந்த நிலை இது. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்பதை அறிந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

அலை என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கடலலை. ஓர் அலையின் முடிக்கும் அடுத்த அலையின் முடிக்கும் இடையிலுள்ள தூரம் அலைநீளம் எனப்படும். ஒரு செக்கனில் எத்தனை அலைகள் வந்து சேர்கின்றன என்னும் கணக்கு மீடிறன், அல்லது அதிர்வெண் எனப்படும். எல்லா மின்காந்த அலைகளும் ஒரே வேகத்தில் செல்வதால், அலைநீளம் குறையக் குறைய மீடிறன் கூடும். கடலலைக்கு நீர் வேண்டும். ஒலியலைக்குக் காற்று வேண்டும். மின்காந்த அலைக்கோ எந்த ஊடகமும் வேண்டியதில்லை. ஆகவேதான் காற்றற்ற வெளியைக் கடந்து சூரியனின் ஒளி எட்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நம்மை வந்தடைகின்றது.

இவ்வலைகளை மனிதன் அறிந்த வரலாறு சுவையானது. 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலார், அரியத்தினால் சூரிய ஒளியை வானவில்லின் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்தபோதும் வெப்பமானி ஏறக் கண்டு வியந்தார். அடுத்த ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த ரிற்றர் என்பவர், ஊதா நிறத்துக்கு அப்பால் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கறுப்பதைக் கண்டார். ஆகவே நாம் காணும் ஒளிக்கு இருபுறத்திலும் காணாத ஒளிகள் உள என்பது தெளிவாயிற்று. 1860 களில் ஸ்கொத்லாந்து நாட்டறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல், மின்னும் காந்தமும் ஒன்றையொன்று தூண்டி அலையாய்ப் பரவக்கூடும் என்பதைக் கணித வாயிலாகக் காட்டினார். அவ்வலையின் வேகத்தைக் கணித்தபோது அது ஒளியின் வேகமாகவே இருந்தது. ஒளியும் மின்காந்த அலையே என்று அவர் துணிந்தார். 1880 களின் பிற்பகுதியில் ஹைன்றிஹ் ஹேர்ட்ஸ் தம் ஆய்வுகூடத்தில் மின்பொறியினால் வானொலி அலைகளை உண்டாக்கி அக்கணிதத்தை மெய்ப்பித்தார். அடுத்த பத்தாண்டில் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ் சில மில்லிமீற்றர் நீளமேயுள்ள அலைகளைப் பிறப்பித்து ஆராய்ந்தார்.

இக்குடும்பம் முழுவதையும் ஒரு நீண்ட ஆர்மோனியத்துக்கு ஒப்பிடலாம். அதன் ஒரு முனையில் கிலோமீற்றர்க் கணக்கில் நீளமுள்ள வானொலி அலைகள் உள்ளன. மறுமுனையில் அணுவின் கருவிலும் சிறிய அலைநீளமுள்ள காமாக் கதிர்கள் உள்ளன. இடையிலே மிகப் பல ஸ்தாயிகள் அமைந்துள்ளன. அவற்றுள் நம் கண் அறிவது ஒரு ஸ்தாயிக்கும் குறைவான பகுதியை மட்டுமே. ஏனையவற்றுக்கு நாம் பிறவிக் குருடரே. இனி அம்முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது வானொலி அலை. இலங்கையில் 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் கொழும்பு நிலையம் முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. மத்திய அலை எனப்படுவது ஏறத்தாழ 200 முதல் 560 மீற்றர் வரை நீளமுள்ள அலைகளைக் கொண்டது. இரவானதும் தொலைதூர நிலையங்கள் மத்திய அலையில் தெளிவாகக் கேட்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் வானத்தில் உள்ளது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு மேலே, சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற அயன்மண்டலம் பரந்துள்ளது. பகலில் அதன் கீழ்ப்படை மத்திய அலைகளை விழுங்கிவிடுகின்றது. சூரியன் மறைந்ததும் அக்கீழ்ப்படை மறைய, அலைகள் மேற்படையில் பட்டுத் திரும்பி நெடுந்தூரத்துக்கு அப்பால் இறங்குகின்றன. சிற்றலை பகலிலும் இவ்வாறு திரும்பும். 1950 களிலும் 1960 களிலும் இலங்கை வானொலியை இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் கேட்டு மகிழ்ந்ததற்கு இவ்வான் கூரையே துணைபுரிந்தது.

பண்பலை ஒலிபரப்பின் அலைகளோ ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமுடையவை. அவை பொதுவாக அவ்வான் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். நிலத்திலும் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும். ஆகவேதான் அவற்றுக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய கோபுரங்களை உயரமான மலைகளில் நிறுவுகின்றனர். 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்பது இதனாலேயாம்.

அடுத்தது நுண்ணலை. கைத்தொலைபேசி, விமானங்களையும் மழைமேகங்களையும் கண்டறியும் ராடர், செய்மதித் தொடர்பு ஆகிய யாவும் இதனைச் சார்ந்தவை. இன்று பல சமையலறைகளில் காணப்படும் நுண்ணலை அடுப்பும் 12 சென்ரிமீற்றர் நீளமுள்ள இவ்வலையினாலேயே இயங்குகின்றது. உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை அவ்வலை இடையறாது அசைத்துத் திருப்புவதால் உணவு சூடேறுகின்றது. அடுப்பை நிறுத்திய கணமே அலை மறைந்துவிடும். விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்குவதில்லை. அவ்வாறே உணவிலும் நுண்ணலை தங்குவதில்லை. அடுப்பின் கதவில் சிறு துளைகளுடைய உலோக வலை இருப்பதைக் காணலாம். துளை சிறிதாகவும் அலை நெடிதாகவும் இருப்பதால் அலை வெளியே வராது. ஒளியின் அலை மிகச் சிறிதாதலால் உள்ளே இருப்பதை நாம் காணலாம். அக்கதவு உடைந்தாலோ வளைந்தாலோ அடுப்பைப் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது செந்நிறக் கீழ்க் கதிர். ஹேர்ஷலின் வெப்பமானியை ஏறச்செய்தது இதுவே. அடுப்பருகே நிற்கும்போது முகத்தில் படும் அனலிற் பெரும்பங்கு இக்கதிர். நம் உடலும் இரவு பகலாக இதனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றது. தொலைக்காட்சியைத் தூரத்திலிருந்து இயக்கும் சிறு கருவியும் இக்கதிரைக் கொண்டே கட்டளை அனுப்புகின்றது. அதன் முனையை வெறுங்கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கைத்தொலைபேசியின் படக்கருவி வழியே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான தொலைபேசிகளில் அம்முனை மினுங்குவது தெரியும். வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு இதனைச் செய்து காட்டுங்கள். காணாத ஒளி என்பது கற்பனையன்று என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே அறிவர்.

நான்காவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால், அவற்றுள் ஏழு பங்கு நீளமுள்ளது சிவப்பு; நான்கு பங்கு நீளமுள்ளது ஊதா.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அஞ்சத் தகாதனவற்றுக்கும் அஞ்சத் தக்கனவற்றுக்கும் இடையிலுள்ள வேலி இதற்கு அப்பாலேயே அமைந்துள்ளது. 1905 ஆம் ஆண்டில் அல்பேட் ஐன்ஸ்ரைன் ஒரு புதுமையான கருத்தை வெளியிட்டார். ஒளியின் சத்தி இடையறாத ஒழுக்காக அன்றி, மழைத்துளி போலத் தனித்தனிச் சொட்டுகளாகவே பொருள்களைச் சேர்கின்றது என்பது அக்கருத்து. ஒவ்வொரு சொட்டின் வலிமையும் அலையின் மீடிறனைப் பொறுத்தது. மீடிறன் கூடினால் சொட்டும் வலியதாகும்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். மாமரத்தில் ஒரு காய் தொங்குகின்றது. அதன்மீது இலவம் பஞ்சை ஆயிரம் முறை எறிந்தாலும் காய் காம்பைவிட்டு விழாது. ஒரே ஒரு கல்லை எறிந்தால் விழுந்துவிடும். வானொலி அலையின் சொட்டுகள் பஞ்சு போன்றவை. எக்ஸ் கதிரின் சொட்டுகள் கல் போன்றவை. நம் உடலின் உயிரணுக்களில் உள்ள மூலக்கூறுகள் காம்பு போன்ற பிணைப்புகளால் கட்டுண்டிருக்கின்றன. அப்பிணைப்பை அறுக்கவோ, அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கவோ வல்ல சொட்டுகளே பரம்பரை அலகுகளைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வித்திட வல்லவை. பண்பலை வானொலியின் ஒரு சொட்டைக் காட்டிலும் பச்சை நிற ஒளியின் ஒரு சொட்டு ஐம்பது இலட்சம் மடங்கு வலியது. கைத்தொலைபேசி அலையின் சொட்டைக் காட்டிலும், சுவாமி அறையில் எரியும் குத்துவிளக்கின் ஒளிச்சொட்டு ஓரிலட்சம் மடங்குக்கு மேல் வலியது. குத்துவிளக்கின் ஒளியால் நம் உயிரணுக்களின் பிணைப்பு அறுந்துவிடும் என்று எவரும் அஞ்சுவதில்லை அல்லவா?

ஆயினும் பஞ்சும் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தால் கிளை அசையும். நுண்ணலை மிகுதியாக ஓரிடத்தில் குவிந்தால் உடல் சூடேறும். வலிமை மிக்க ஒலிபரப்புக் கோபுரங்களின் அலைவாங்கிகளுக்கு அருகே எவரையும் விடாமல் வேலியிடுவது இதனாலேயாகும். தொலைபேசிகளுக்கும் கோபுரங்களுக்கும் வரம்புகள் விதிக்கப்பட்டிருப்பதும் இச்சூட்டைக் கருதியே. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2011 ஆம் ஆண்டில் வானொலி அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் ஐயப் பட்டியலில் சேர்த்தது; சான்று குறைவு என்பதையும் அது கூறிற்று. அதே ஆய்வகம் சூரியக் கதிரை ‘உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குவது’ என்னும் பட்டியலில் 1992 ஆம் ஆண்டிலேயே வைத்துவிட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குங்கள். தொலைபேசிக் கோபுரத்தைக் கண்டு கலங்கும் நாம் வெயிலைக் கண்டு கலங்குவதில்லை.

வேலிக்கு அப்பால் முதலில் நிற்பது ஊதாக் கடந்த கதிர். வெயிலிலே இது கலந்துள்ளது. சிறிதளவு நமக்கு வேண்டும். தோலில் உயிர்ச்சத்து டி உண்டாவது இதனாலேயே. மிகுந்தால் தோல் கருகும், சுருங்கும். கண்ணில் புரை வளரும். ஓசோன் படை இதன் பெரும்பகுதியைத் தடுத்து உயிர்களைக் காக்கின்றது. அப்படை தென்முனையின் மேல் மெலிந்துவருவது 1985 இல் வெளியாயிற்று. 1987 இல் உலக நாடுகள் மொன்றியல் நகரில் கூடி, அதனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த உடன்பட்டன.

இலங்கை புவிமத்திய கோட்டுக்கு மிக அண்மையில் இருப்பதால், ஏப்பிரல் மாதத்திலும், ஓகஸ்ட் இறுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரையிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலாக வருகின்றது. நம் தோலின் கருநிறம் ஓரளவு காப்புத் தருகின்றது. ஆயினும் கண்ணுக்கு அக்காப்பு இல்லை. வயலிலும் கடலிலும் உழைப்போர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் கதிரும் கண்ணைச் சேர்கின்றது. நுவரெலியாவின் குளிரை நம்பி வெயிலை மதியாதிருத்தலும் தவறு. ஓராயிரம் மீற்றர் உயரம் ஏற இக்கதிரின் வலிமை ஏறத்தாழப் பத்து வீதம் கூடுகின்றது. குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதனை அறியக் கருவி எதுவும் வேண்டாம். நம் நிழல் நம் உயரத்திலும் குறுகியிருந்தால் கதிர் வலிதாயிருக்கின்றது என்று கொள்ளலாம். அந்நேரத்தில் அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பியும் குடையும் மரநிழலுமே நல்ல மருந்து. உலோகங்களை ஒட்டும் தீப்பொறியும் இக்கதிரை உமிழ்வதால், ஒட்டுபவர் கண்கவசம் அணியாது வேலை செய்யலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களையும் அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்தது எக்ஸ் கதிர். 1895 நவெம்பர் மாதத்தில் ஜேர்மனியப் பேராசிரியர் வில்ஹெல்ம் ரொண்ட்ஜன் இதனைக் கண்டார். டிசெம்பரில் தம் மனைவியின் கையை இக்கதிரால் படமெடுத்தபோது, தசை மறைந்து எலும்பும் மோதிரமும் தெரிந்தன. தசையை ஊடுருவிச் செல்லும் இக்கதிரை எலும்பிலுள்ள கல்சியம் தடுத்துவிடுவதே காரணம். 1901 இல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இக்கதிரின் மறுபக்கம் விரைவிலேயே வெளிப்பட்டது. அமெரிக்காவில் தோமஸ் எடிசனின் உதவியாளராய் இருந்த கிளாரன்ஸ் டாலி, இக்கதிரில் நாள்தோறும் கையை வைத்துச் சோதித்துவந்தார். அவரது கைகள் புண்ணாகி வெட்டப்பட்டன. 1904 இல் அவர் இறந்தார். அவ்வாறு இருந்தும் 1920 கள் முதல் 1950 கள் வரை மேல்நாட்டுப் பாதணிக் கடைகளில், பாதம் சப்பாத்தினுள் பொருந்துகின்றதா என்று பார்க்க எக்ஸ் கதிர்ப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். சிறுவர்கள் தம் விரலெலும்பு அசைவதைப் பார்த்து விளையாடினார்கள். அங்கே அஞ்சத் தக்கதை மக்கள் விளையாட்டாக்கினர். இன்றோ அஞ்சத் தகாததைப் பலர் பூதமாக்குகின்றனர்.

இவ்வாறு கூறுவதால் வைத்தியர் எடுக்கச் சொல்லும் எக்ஸ் கதிர்ப் படத்தை எவரும் மறுத்துவிட வேண்டாம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம்மீது சிறிதளவு கதிர் எந்நாளும் படுகின்றது. நெஞ்சுப் படம் ஒன்றினால் கிடைப்பது, நாம் சும்மா இருக்கையிலே சில நாட்களில் பெறும் அளவே. காசநோயையோ எலும்பு முறிவையோ அறியாது விடுவதால் வரும் கேடு அதனினும் மிகப் பெரிது. கணினி வழியே உடலைக் குறுக்குவெட்டாகக் காட்டும் படத்துக்குக் கூடிய அளவு கதிர் வேண்டும். ஆகவே அதனைத் தேவை கருதியே எடுப்பர். முன்னர் எடுத்த படங்களைப் பேணி வைத்து வைத்தியரிடம் காட்டினால், மீண்டும் எடுக்க நேர்வதைப் பலவேளை தவிர்க்கலாம். கருவுற்ற தாய்மாரும், கருவுற்றிருக்கக்கூடும் என்னும் ஐயமுடையோரும் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இறுதியாக உள்ளது காமாக் கதிர். அணுவின் கருவிலிருந்து பிறக்கும் இக்கதிர் சொட்டுக்குச் சொட்டு வலியது. ஆயினும் கத்தி கொலைஞன் கையிலும் இருக்கும், சத்திரவைத்தியர் கையிலும் இருக்கும் அல்லவா? 1951 இல் கனடாவில் கோபாற்று-60 என்னும் பொருளின் காமாக் கதிரைக் கொண்டு புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யத் தொடங்கினார்கள். நல்ல உயிரணுவைச் சிதைக்கும் அதே வலிமை, அளவறிந்து குறிபார்த்துச் செலுத்தும்போது கெட்ட உயிரணுவை அழிக்கின்றது. வைத்தியசாலை உபகரணங்களைப் பொதி பிரிக்காமலே கிருமிநீக்கம் செய்யவும் இது பயன்படுகின்றது. அவ்வாறு கதிர்பட்ட பொருளில் கதிர் தங்குவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. எக்ஸ் கதிர்ப் பொறியின் மின்னை நிறுத்தினால் கதிரும் நிற்கும். கோபாற்று-60 போன்ற பொருளுக்கோ நிறுத்தும் பொத்தான் இல்லை. அதன் வலிமை பாதியாகக் குறையவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஆகவேதான் அத்தகைய பொருள்களைக் கனத்த ஈயக் கவசத்தினுள் வைத்துப் பூட்டி எச்சரிக்கைக் குறியிடுகின்றனர். மஞ்சள் நிலத்தில் மூன்று இதழ் வரைந்த அக்குறியைப் பழைய இரும்புக் குவியலிலோ வேறெங்கோ காண நேர்ந்தால், தொடாது விலகி நின்று பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

நேயர்களே, கதிர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள். இது வேலிக்கு இப்புறத்ததா, அப்புறத்ததா என்பது முதலாவது. எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது இரண்டாவது. இதனால் வரும் பயன் கேட்டினும் பெரிதா என்பது மூன்றாவது. வானொலிக்கும் தொலைபேசிக்கும் அடுப்பின் அனலுக்கும் முதல் வினாவிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மிகுதியாகச் சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போதும். எக்ஸ் கதிருக்கும் காமாக் கதிருக்கும் மூன்று வினாக்களையும் எழுப்ப வேண்டும். விடையை அறிந்தவரிடம் கேட்டறிய வேண்டும். வெயிலுக்கோ விடை நம் கையிலேயே இருக்கின்றது. நாளை நண்பகலில் வெளியே செல்லும்போது உங்கள் நிழலைச் சற்றுக் குனிந்து பாருங்கள். அது குறுகியிருந்தால் குடையை விரியுங்கள்.